ஆம்பூர்க் குடும்பங்களின் அயல்நாட்டு மருமக்கள்

பாலாற்றை ஒட்டி ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி என நீளும் தோல் தொழில் வட்டாரத்தில் இலங்கைத் தமிழர் முகாம்கள் ஒரு தலைமுறைக் காலத்துக்கும் மேலாக இருந்துவருகின்றன. ஆம்பூரை அடுத்த மின்னூரிலும் சின்னப்பள்ளிக்குப்பத்திலும், வேலூருக்கு அருகிலுள்ள மேல்மொணவூரிலும் அப்துல்லாபுரத்திலும் உள்ள முகாம்களில் வளர்ந்த பிள்ளைகள், உள்ளூர்ப் பள்ளிகளில் படித்து, உள்ளூர் ஷூ கம்பெனிகளிலும் பெயின்ட் வேலையிலும் சேர்ந்து, உள்ளூரிலேயே பெண் கொடுத்தும் பெண் எடுத்தும் உறவு கலந்திருக்கின்றனர். முகாமில் பிறந்து ஆம்பூர்க்காரரை மணந்த பெண் ஊராரின் கண்ணில் அந்த வீட்டு மருமகள். முகாம் இளைஞரை மணந்த உள்ளூர்ப் பெண்ணின் கணவர் அந்த வீட்டு மருமகன். இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் கண்ணிலோ இருவருமே ‘சட்டவிரோதக் குடியேறிகள்’. குடிமகன் ஒருவரின் கணவராகவோ மனைவியாகவோ இருப்பதால் பிற அயல்நாட்டவருக்குக் கிடைக்கும் எந்த உரிமையும் இவர்களுக்குக் கிடைப்பதில்லை என்பதும், இவர்களுக்குப் பிறக்கும் குழந்தையின் குடியுரிமையும் அதனால் பறிபோகிறது என்பதும் தமிழகத்தில் போதிய அளவு பேசப்படாத செய்திகள்.

குடிமக்களின் அயல்நாட்டுத் துணைவருக்கு இந்தியச் சட்டம் வழியே வைக்கவில்லை என்று சொல்ல முடியாது. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் ஐந்தாவது பிரிவில் ‘பதிவு மூலம் குடியுரிமை’ என்னும் முறையை வகுத்தது. இந்தியாவைப் பூர்விகமாகக் கொண்டோர், குடிமக்களை மணந்தோர், குடிமக்களின் வயதுவராத பிள்ளைகள் ஆகியோர் நீண்ட நடைமுறைகள் இன்றி விண்ணப்பித்துக் குடிமக்களாகப் பதிவுபெறும் முறை இது. தொடக்கத்தில் இந்தச் சலுகை இந்திய ஆண்களை மணந்த அயல்நாட்டுப் பெண்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. சோனியா காந்தி 1983 ஏப்ரலில் இந்தியக் குடியுரிமை பெற்றது இவ்வழியில்தான். 1986ஆம் ஆண்டின் திருத்தம் ஆண், பெண் வேறுபாட்டை நீக்கி, திருமணத்துடன் இந்தியாவில் குறிப்பிட்ட காலம் வசித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்தது. இப்போது அந்தக் காலம் 7 ஆண்டுகள். அதுவரை காத்திருக்க வேண்டியவர், இந்தியக் குடிமகனின் துணைவர் என்ற முறையில் நுழைவு விசா பெற்று, அதைப் புதுப்பித்துக்கொண்டே இங்கு வாழலாம். திருமணம் பதிவு செய்யப்பட்டு 2 ஆண்டுகள் தொடர்ந்து நீடித்திருந்தால், ‘ஓசிஐ’ எனப்படும் வெளிநாட்டு வாழ் இந்தியக் குடிமகன் அட்டைக்கும் விண்ணப்பிக்கலாம். வாக்குரிமையும் அரசுப் பணியும் தவிர்த்து, விசாவே இன்றி வாழ்நாள் முழுவதும் இந்தியாவில் தங்குவதற்கு அந்த அட்டை போதும்.

இவ்வளவும் கடவுச்சீட்டோடு வந்தவர்களுக்கு. கொழும்பிலிருந்து விமானத்தில் சென்னைக்கு வந்து இறங்கிய ஓர் இலங்கைத் தமிழ்ப் பெண் ஆம்பூர் இளைஞரை மணந்தால் மேற்சொன்ன வழிகள் அனைத்தும் அவருக்குத் திறந்திருக்கின்றன. அவருடைய ஒன்றுவிட்ட தங்கை, 1990இல் மன்னார்க் கரையிலிருந்து தாயின் மடியில் படகில் வந்து, மண்டபம் முகாமில் பதிவாகி, மின்னூருக்கு அனுப்பப்பட்டு, அதே தெருவில் இன்னோர் இளைஞரை மணந்தால் அவருக்கு ஒரு வழியும் இல்லை. 2003இல் நிறைவேற்றப்பட்டு 2004 டிசம்பர் 3 அன்று நடைமுறைக்கு வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம், உரிய பயண ஆவணங்கள் இன்றி இந்தியாவுக்குள் நுழைந்த அயல்நாட்டவரையும், ஆவணங்களுடன் வந்து அனுமதிக்கப்பட்ட காலத்துக்கு மேல் தங்கிவிட்டவரையும் ‘சட்டவிரோதக் குடியேறி’ என வரையறுத்து, அத்தகையோர் பதிவு மூலமாகவோ இயல்புரிமை மூலமாகவோ குடியுரிமை கோர முடியாது என விலக்கிவைத்தது. பதிவுக்கான விண்ணப்பத்தில் கடவுச்சீட்டின் எண், அது வழங்கப்பட்ட இடம், விசாவின் வகை, அது செல்லுபடியாகும் நாள் என்று வரிசையாகக் கட்டங்கள் இருக்கின்றன. நான்கு வயதில் படகில் வந்தவருக்கு அந்தக் கட்டங்களில் எழுத எதுவும் இல்லை. முகாமிலேயே பிறந்தவரின் நிலை இன்னும் விந்தையானது. அவர் எந்த எல்லையையும் கடந்ததே இல்லை என்றாலும், பெற்றோரின் நிலையையே அவர்மீதும் ஏற்றி நிர்வாகம் அவரை அயல்நாட்டவராகவே நடத்துகிறது.

‘சட்டவிரோதம்’ என்ற சொல் இவர்களுக்கு எவ்வளவு பொருந்தாதது என்பதை இவர்கள் வந்த முறையே காட்டுகிறது. 1983 ஜூலை வன்முறைக்குப் பின்னும், 1990இல் போர் மீண்டும் மூண்டபோதும், 1996இலும் 2006இலும் ராமேசுவரம் கரைக்கு வந்தவர்கள் அதிகாரிகளின் கண்ணில் படாமல் ஒளிந்து ஊருக்குள் நுழைந்தவர்கள் அல்லர். அரசே அவர்களை வரவேற்றது, பெயர் எழுதிக்கொண்டது, அட்டை கொடுத்தது, எந்த மாவட்டத்தின் எந்த முகாமில் வாழ வேண்டும் என்று முடிவுசெய்து வண்டி ஏற்றி அனுப்பியது. அன்றுமுதல் வருவாய்த் துறையின் பதிவேட்டிலும் கியூ பிரிவுக் காவல் துறையின் பதிவேட்டிலும் அவர்களின் பெயர், பிறப்பு, திருமணம், இறப்பு யாவும் எழுதப்பட்டு வருகின்றன. முகாம்களில் இன்று வாழும் ஏறத்தாழ 58 ஆயிரம் பேரைப் போல அரசுக்கு இவ்வளவு துல்லியமாகத் தெரிந்த மக்கள் பிரிவு தமிழ்நாட்டில் வேறொன்று இருக்க வாய்ப்பில்லை.

திருமணத்துக்குப் பின்னும் அந்தப் பதிவு அவர்களை விடுவதில்லை. உள்ளூர்க்காரரை மணந்து ஆம்பூர் நகருக்குள் குடிபோன பெண்ணின் பெயர் முகாம் பதிவேட்டில் நீடிக்குமானால், பணக்கொடை எனப்படும் மாத உதவித்தொகை வழங்கும் நாளிலும், அதிகாரிகள் ஆள் சரிபார்க்க வரும் ‘செக்கிங்’ நாளிலும் அவர் முகாமில் நேரில் இருக்க வேண்டும். ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் வரிசையில் அமர்ந்திருக்கும் ஒருவர் அரைநாள் விடுப்புக் கேட்டு, சம்பளத்தை இழந்து, கணவரின் வண்டியில் வந்து வரிசையில் நின்று கையொப்பமிட்டுத் திரும்புவது இதற்காகத்தான். பெயரை முகாமிலிருந்து எடுத்துக் காவல் நிலையத்தில் ‘வெளிப்பதிவு’ செய்துகொண்டால் உதவித்தொகை நின்றுபோகும். அயல்நாட்டவர் என்ற நிலை மட்டும் நிற்காது. மாவட்டங்களில் அயல்நாட்டவர் பதிவு அதிகாரியாக இருப்பவர் காவல் கண்காணிப்பாளர்தான் என்பதால், ஊரிலுள்ள மற்றக் குடும்பங்கள் வட்டாட்சியர் அலுவலகத்தோடு முடித்துக்கொள்ளும் காரியங்களுக்கு இந்தக் குடும்பங்கள் காவல் துறையின் படியேற வேண்டியிருக்கிறது.

இந்தச் சுமைகளைப் பழகிக்கொண்டு வாழ முடியும், பலர் வாழ்கின்றனர். குழந்தையின்மேல் விழுவது வேறுவகைச் சுமை. பிறப்பால் வரும் குடியுரிமையை இந்தியச் சட்டம் மூன்று காலங்களாகப் பிரித்துவைத்திருக்கிறது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன்புவரை இந்திய மண்ணில் பிறந்தவர்கள், பெற்றோர் யாராக இருந்தாலும், இந்தியர்கள். 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 3க்கு முன்புவரை பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவர் இந்தியக் குடிமகனாக இருந்தால் போதும். அதற்குப் பின் பிறந்தவர்களுக்கோ, பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருப்பதோடு மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இல்லாமலும் இருக்க வேண்டும். எனவே ஆம்பூரிலேயே பல தலைமுறைகளாக வாழும் ஒரு குடும்பத்தின் மகனுக்கும் மின்னூர் முகாமின் மகளுக்கும் 2004 நவம்பரில் பிறந்த மூத்த குழந்தை இந்தியர்; அதே பெற்றோருக்கு 2006இல் பிறந்த இளைய குழந்தை சட்டத்தின் எழுத்துப்படி இந்தியர் அல்லர். இருவருக்கும் ஒரே நகராட்சி ஒரேமாதிரியான பிறப்புச் சான்றிதழை வழங்கியிருக்கும். ஆதார் அட்டையும் இருவரிடமும் இருக்கும், ஏனெனில் ஆதார் வசிப்பிடத்துக்கான அடையாளமே தவிரக் குடியுரிமைக்கான சான்று அன்று. கடவுச்சீட்டுக்கோ அரசுப் பணிக்கோ விண்ணப்பிக்கும் நாளில்தான் வேறுபாடு வெளிப்படும். ஐரோப்பாவுக்குக் காலணி ஏற்றுமதி செய்யும் ஊரில், வடிவமைப்புப் பயிற்சி பெற்ற ஓர் இளைஞரோ இளம்பெண்ணோ கடவுச்சீட்டு இல்லாமையால் இத்தாலியிலோ ஜெர்மனியிலோ நடக்கும் கண்காட்சிக்குப் போக முடியாதிருப்பது சிறிய இழப்பு அன்று.

இத்தகைய வழக்குகளில் நீதிமன்றங்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியிலிருந்து தொடங்குகின்றன: அயல்நாட்டவருக்கு இந்தியாவில் தங்கும் உரிமை உண்டா? அதற்கான விடை பழையது, தெளிவானது. அரசமைப்புச் சட்டத்தின் 19ஆவது கூறு வழங்கும் ‘எப்பகுதியிலும் வசிக்கும் உரிமை’ குடிமக்களுக்கு மட்டுமே உரியது. 21ஆவது கூறு காக்கும் உயிரும் தனிமனிதச் சுதந்திரமும் அயல்நாட்டவர் உள்ளிட்ட அனைவருக்கும் உரியவை. அயல்நாட்டவரை வெளியேற்ற அரசுக்குப் பரந்த அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1955இல் ஹான்ஸ் முல்லர் வழக்கிலும் 1991இல் லூயி டி ரேட் வழக்கிலும் கூறியது. 2025 மே மாதம், தண்டனைக் காலம் முடிந்த ஓர் இலங்கைத் தமிழர், தம் மனைவியும் பிள்ளைகளும் இங்கு வாழ்வதைச் சொல்லித் தங்க அனுமதி கேட்டபோதும், உலகெங்கிலுமிருந்து வருவோரை ஏற்க இந்தியா தர்மசாலை அன்று என்ற பொருள்பட அந்த நீதிமன்றத்தின் அமர்வு குறிப்பிட்டது.

கேள்வியை மறுபுறத்திலிருந்து கேட்டால் விடை மாறக்கூடும். ஆம்பூரில் பிறந்த ஓர் இந்தியக் குடிமகனுக்குத் தன் மனைவியோடும் பிள்ளையோடும் ஆம்பூரிலேயே வாழும் உரிமை உண்டா என்று கேட்டால், வழக்கின் மையத்தில் நிற்பவர் குடிமகன். வசிக்கும் உரிமை முழுமையாக உள்ளவர் அவர். திருமணத் துணையைத் தேர்ந்துகொள்ளும் உரிமையை 2018இல் ஷஃபீன் ஜஹான் வழக்கிலும், குடும்ப வாழ்வின் புனிதத்தை அந்தரங்க உரிமையின் ஒரு பகுதியாக 2017இல் புட்டசாமி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் அறிந்தேற்றிருக்கிறது. துணையைத் தேர்ந்துகொள்ளும் உரிமையைக் கொடுத்துவிட்டு, அந்தத் துணையோடு சொந்த ஊரில் அச்சமின்றி வாழும் நிலையை மறுத்தால், முதல் உரிமைக்கு என்ன பொருள் எஞ்சும்? இந்த வட்டாரம் சட்டநூல்களில் ஏற்கெனவே இடம்பெற்ற ஒன்றுதான். தோல் கழிவால் பாலாறும் நிலத்தடி நீரும் கெட்டதை எதிர்த்து வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டில், 21ஆவது கூறின் உயிர்வாழும் உரிமைக்குள் தூய நீரும் தூய சூழலும் அடங்கும் என்ற அடிப்படையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உயிர்வாழ்தல் என்ற சொல்லுக்குள் குடிக்கும் நீரைக் கண்ட அதே பார்வைக்கு, உடன் வாழும் குடும்பமும் புலப்பட வேண்டும்.

பிற நாடுகளின் சட்டங்கள் இந்த மறுபுறக் கேள்வியைத்தான் கேட்கின்றன, விடைகள் வேறுபட்டாலும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டு நெறிமுறை, ஒன்றியத்துக்குள் நாடுவிட்டு நாடுசென்று வாழும் குடிமக்களோடு அவர்களின் அயல்நாட்டுக் குடும்பத்தாரும் வாழலாம் என்று சொல்கிறது. காரணம், குடும்பத்தைப் பிரிய வேண்டிவருமென்றால் குடிமகனின் நடமாட்ட உரிமையே பயனற்றுப் போகும் என்பது. அயர்லாந்து இதில் ஒரு தடையைச் சேர்த்து, வேறோர் உறுப்பு நாட்டில் முன்பே சட்டப்படி வசித்திருந்த துணைவருக்கு மட்டுமே அனுமதி என்றது. புகலிடக் கோரிக்கை மறுக்கப்பட்டிருந்த கணவர்களும் அவர்களை மணந்த ஐரோப்பியக் குடிமக்களும் தொடுத்த மெட்டொக் வழக்கில், 2008 ஜூலையில், ஐரோப்பிய நீதிமன்றம் அத்தடையை நீக்கியது: துணைவர் எப்போது, எங்கே, எவ்விதம் நாட்டுக்குள் வந்தார் என்பதும் திருமணம் எங்கே நடந்தது என்பதும் பொருட்டல்ல. 2011 மார்ச்சில் தீர்ப்பளிக்கப்பட்ட ருயிஸ் சம்பிரானோ வழக்கில் அந்த நீதிமன்றம் இன்னும் ஒரு படி சென்றது. பெல்ஜியத்தில் புகலிடம் மறுக்கப்பட்ட கொலம்பியத் தம்பதியின் குழந்தைகள் பெல்ஜியக் குடிமக்களாக இருந்ததால், பெற்றோரை வெளியேற்றுவது குழந்தைகளையே வெளியேற்றுவதாகும் என்று கருதி, பெற்றோருக்கு வசிக்கும் உரிமையையும் வேலை செய்யும் உரிமையையும் அது உறுதிசெய்தது.

கடுமையான சட்டங்களும் உண்டு. பிரிட்டன், குடிமகனின் ஆண்டு வருமானத்தை அளவுகோலாக்கி, 2012இல் 18,600 பவுண்டாக இருந்த வரம்பை 2024 ஏப்ரலில் 29,000 பவுண்டாக உயர்த்தியது. ஏழைக் குடிமகனுக்கு அயல்நாட்டுத் துணைவர் கூடாது என்று சொல்லாமல் சொல்லும் இந்த விதி, பின்பற்றத்தக்கது அன்று. அமெரிக்காவின் 1996ஆம் ஆண்டுச் சட்டம், எல்லையைத் திருட்டுத்தனமாகக் கடந்து ஓராண்டுக்கு மேல் தங்கியவர் வெளியேறினால் 10 ஆண்டுகள் திரும்ப முடியாது என்கிறது. ஆனாலும், தம் துணைவரைப் பிரிவதால் அமெரிக்கக் குடிமகனுக்கு மிகக் கடும் இன்னல் நேரும் என்று நிறுவினால் அத்தடையிலிருந்து விலக்குக் கோரலாம்; 2013 முதல் நாட்டைவிட்டுப் போகுமுன்னரே அவ்விலக்குக்கு விண்ணப்பிக்கவும் முடிகிறது. வந்தவரின் குற்றத்தைப் பெரிதாகக் கருதும் அந்தச் சட்டம்கூட, குடிமகனின் துன்பத்தை ஒரு தராசில் வைத்துப் பார்க்கிறது. இந்தியச் சட்டத்தில் அந்தத் தராசே இல்லை.

எதிர்வாதங்களைப் புறந்தள்ளிவிட முடியாது. இலங்கைப் போரின் நிழல் இந்த வட்டாரத்தின்மேல் நேரடியாக விழுந்திருக்கிறது. 1991 மே மாதத்தில் ராஜீவ் காந்தி தமிழ் மண்ணில் கொல்லப்பட்ட பிறகு முகாம்களின்மேல் கட்டுப்பாடுகள் இறுகின. வேலூர்க் கோட்டைக்குள் அடைத்துவைக்கப்பட்டிருந்த விடுதலைப் புலிகள் 43 பேர் 1995 ஆகஸ்டில் சுரங்கம் தோண்டித் தப்பினர். அக்காலத்து அச்சம் நியாயமானது. போர் 2009இல் முடிந்துவிட்டது. அதன்பின் முதல் வகுப்பில் சேர்ந்த முகாம் பிள்ளைகள் இன்று கல்லூரி முடிக்கும் வயதில் இருக்கின்றனர். பாதுகாப்பை முன்னிட்டு ஒவ்வொரு விண்ணப்பத்தையும் தனித்தனியே ஆராய்வது அரசின் கடமை. ஆராயாமலே அனைவரையும் விலக்குவது வேறு. பொய்த் திருமணங்கள் பெருகும் என்ற கவலைக்கு, 7 ஆண்டு வசிப்பு என்ற நிபந்தனையே காவலாக இருக்கிறது. இரண்டு பிள்ளைகளோடு பதினைந்து ஆண்டுகள் குடித்தனம் நடத்துவோரின் திருமணத்தைப் பொய்யென ஐயுற இடமில்லை. ‘இலங்கைக்குச் சென்று, கடவுச்சீட்டு வாங்கி, விசாவோடு திரும்பி வரட்டுமே’ என்று சொல்வோரும் உண்டு. கைக்குழந்தையை விட்டுச் செல்வதா, பார்த்தறியாத நாட்டில் யார் வீட்டில் தங்குவது, விசா மறுக்கப்பட்டால் என்ன செய்வது என்ற கேள்விகளுக்கு அந்த யோசனையில் விடை இல்லை. விட்டுச்சென்ற முகாம் பதிவு மீண்டும் கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை.

இந்தச் சிக்கலை அவிழ்க்கப் புதிய சட்டம் இயற்ற வேண்டிய தேவை பெரிதாக இல்லை என்பதே இதில் நம்பிக்கை தரும் செய்தி. 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் இலங்கையைச் சேர்க்காமல் விட்டது பெரும் அநீதி. அதை எதிர்த்துத் தமிழ்நாடு சட்டமன்றம் 2021 செப்டம்பரில் தீர்மானம் நிறைவேற்றியது சரியே. அச்சட்டம் கையாண்ட முறையில் மட்டும் ஒரு பாடம் இருக்கிறது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31 வரை வந்த குறிப்பிட்ட சமயத்தவருக்கு, கடவுச்சீட்டுச் சட்டத்திலிருந்து முதலில் விலக்கு அளிக்கப்பட்டது. அவ்வாறு விலக்குப் பெற்றோரைச் சட்டவிரோதக் குடியேறிகளாகக் கருதக் கூடாது என்று குடியுரிமைச் சட்டத்தில் பின்னர் எழுதப்பட்டது. 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த குடியேற்றம் மற்றும் அயல்நாட்டவர் சட்டத்தின் கீழ் ஒன்றிய அரசு வெளியிட்ட விலக்கு ஆணை, 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சமடைந்து பதிவுபெற்ற இலங்கைத் தமிழர்களுக்கும் கடவுச்சீட்டும் விசாவும் வைத்திருக்க வேண்டிய கட்டாயத்திலிருந்து விலக்கு அளித்திருக்கிறது. முதற்படி எடுத்துவைக்கப்பட்டுவிட்டது, இரண்டாம் படிதான் மிச்சம். உரிய ஆவணம் இன்றி நுழைந்தவர் என்பதே சட்டவிரோதக் குடியேறிக்கான வரையறை என்றால், அந்த ஆவணமே தேவையில்லை என்று அரசு விலக்கிய பிறகு ஒருவர் எப்படி அந்த வரையறைக்குள் வருவார் என்று நீதிமன்றத்தில் வாதிடவும் இடமுண்டு. 2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வில், கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களில் வாழும், இந்திய வம்சாவளியினரான 65 மலையகத் தமிழர்களின் வழக்கை விசாரித்த நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், அவர்களின் விண்ணப்பங்களைத் தொழில்நுட்பக் காரணம் காட்டித் தள்ளாமல் பரிசீலிக்குமாறு ஒன்றிய அரசுக்கு வழிகாட்டினார். குடிமக்களை மணந்தோரின் உரிமை அதைவிட வலிமையானது. அவர்களில் யாருக்கும் இந்தியாவோடுள்ள தொடர்பை நிறுவ மூன்று தலைமுறைகள் பின்னோக்கிச் செல்ல வேண்டியதில்லை.

தமிழ்நாடு அரசு தன் பங்கைச் செய்யாமல் இல்லை. 2021 ஆகஸ்டில் 317.40 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்து, முகாம்களின் பெயரை மறுவாழ்வு முகாம் என மாற்றி, புதிய வீடுகள் கட்டும் பணியை அவ்வாண்டு நவம்பரில் மேல்மொணவூரிலேயே தொடங்கிவைத்தது. தகரக் கூரைக்குப் பதில் கான்கிரீட் கூரை கிடைத்தது பெரிய மாற்றம். வீடு மாநில அரசால் தரக்கூடியது. குடியுரிமை ஒன்றிய அரசிடம் மட்டுமே உள்ளது. ஆயினும் விண்ணப்பம் மாவட்ட ஆட்சியர் வழியாகவும் மாநில அரசின் வழியாகவுமே உள்துறை அமைச்சகத்துக்குச் செல்கிறது என்பதால், இந்தியரை மணந்தோர், அத்திருமணங்களில் பிறந்தோர் ஆகியோரின் பட்டியலை முகாம்வாரியாகத் தொகுத்து, திருமணப் பதிவுச் சான்று இல்லாதோருக்கு அதைப் பெற்றுத் தந்து, ஆவணங்களோடு பரிந்துரைத்து அனுப்புவது மாநிலத்தால் இன்றே செய்யக்கூடிய பணி.

அப்பணியில் குழந்தைகளை முதலில் வைக்க வேண்டியதற்கு ஒரு சட்டக் காரணமும் இருக்கிறது. குடியுரிமைச் சட்டத்தின் ஐந்தாவது பிரிவின் நான்காம் உட்பிரிவு, சிறப்புச் சூழ்நிலை இருப்பதாக ஒன்றிய அரசு கருதினால், வயதுவராத எவரையும் குடிமகனாகப் பதிவுசெய்யலாம் என்கிறது. பெரியவர்களை விலக்கும் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்ற சொல் அந்த உட்பிரிவில் இல்லை. தந்தை இந்தியராக இருக்க, தாய் நான்கு வயதில் படகில் வந்தவர் என்ற ஒரே காரணத்தால் குடியுரிமை இழந்து நிற்கும் குழந்தையின் நிலை சிறப்புச் சூழ்நிலை ஆகாது என்றால், வேறு எதுதான் ஆகும்? 1992இல் இந்தியா ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கையும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு நாட்டின் குடியுரிமை வேண்டும் என்கிறது. இந்த வாசல் 18 வயது வரைதான் திறந்திருக்கும். 2004 டிசம்பருக்குப் பின் பிறந்தவர்களில் மூத்தோர் 2022 டிசம்பரிலேயே அதைக் கடந்துவிட்டனர். அவர்களுக்கு அடுத்து மின்னூரிலும் சின்னப்பள்ளிக்குப்பத்திலும் மேல்மொணவூரிலும் பிறந்தவர்கள் இப்போது மேல்நிலைப் பள்ளி வகுப்புகளில் அமர்ந்திருக்கின்றனர், ஒவ்வொரு கல்வியாண்டு முடியும்போதும் அவர்களில் சிலருக்கு அந்த வயது நிறைவடைகிறது.